வராதவருக்குப் போட்ட இலை

யுத்தம் முடிந்துவிட்டது என்று தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பட்டாளத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம். சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகும் பாதையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டில், நானும் என் மாமனாரும் மட்டும் இருந்தோம். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவர் பர்மாப் பக்கம் போயிருந்தார். கல்யாணமாகி முதல் போகம் நெல் வீடு வந்து சேர்வதற்குள் கிளம்பியவர். ஆரம்பத்தில் அவரைப் பற்றித் தகவல் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. இருக்கிறாரா, இல்லையா என்று சொல்ல ஆள் கிடையாது.

மாமனாருக்கு நடுக்குவாதம். இன்றைக்கு டாக்டர்கள் பார்க்கின்சன் என்று சொல்கிறார்களே, அதுதான். அன்றைக்கு எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவருடைய வலது கை எந்நேரமும் புகையிலையைக் கசக்குவதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். நடந்து வரும்போது வாசற்படி எதிர்ப்பட்டால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். யாராவது கையைப் பிடித்து லேசாக இழுத்தால்தான் அடுத்த அடி. முகத்தில் சிரிப்போ கோபமோ எதுவும் தெரியாது. குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அடங்கிவிட்டது. ஆனால் புத்தி மட்டும் அவ்வளவு தெளிவு. எந்த மடையில் யாருக்கு அப்புறம் யார் தண்ணீர் திறக்க வேண்டும் என்று ஊரில் தகராறு வந்தால் அவர் கட்டிலுக்கு முன்னால் வந்துதான் நிற்பார்கள். கை ஆட ஆட, சின்னக் குரலில் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசாத பேச்சு ஒன்று உண்டு. என் கணவரைப் பற்றி அவரும் எடுக்க மாட்டார், நானும் எடுக்க மாட்டேன். தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் இருவரும் பார்ப்போம். அது வேறு யாரோ என்று தெரிந்ததும் அவர் கூரையைப் பார்ப்பார், நான் அடுப்பைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

மாசி மாத வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள். மத்தியானம் கம்பங்கூழை எடுத்துக்கொண்டு அவர் கட்டில் பக்கம் போனேன். அவர் மாட்டுத் தொழுவத்தின் கல்தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அசையாத அந்த முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம்.

"வாடா, எப்ப வந்த? நடந்தா வந்த, வண்டியிலயா?" என்றார்.

கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். தூணும் மாடும்தான் இருந்தன. தெருவுக்கு ஓடினேன். வெயில் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு ஆள் கிடையாது. கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தால் மாமனார் என்னைக் கடிந்துகொள்கிறார்.

"ஏத்தா, மசமசன்னு நிக்கிறயே. அவன் பசியோட நிக்கிறான்ல. எலையப் போடு."

"யாருக்கு மாமா?"

"யாருக்கா? ஒம் புருசனுக்குத்தான். இந்தா, தூணப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளையாட்டுப் பேச்சு பேசுகிறவர் இல்லை அவர். ஒருவேளை என் கண்ணுக்குத்தான் தெரியவில்லையோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவர் விடவில்லை. இலையைப் போடு, இலையைப் போடு என்று கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார். அவர் குரல் அத்தனை உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பயத்தில், அவர் சொன்னபடியே தூணுக்கு முன்னால் பலகையைப் போட்டு, இலையை விரித்து, சோறு வைத்துக் குழம்பு ஊற்றினேன். அவர் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈ வந்து உட்கார்ந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்று, ஆளில்லாத அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமனாரின் தம்பி வந்தார். பக்கத்துத் தெருவில் இருப்பவர், எனக்குச் சின்ன மாமனார். வாசலிலேயே நின்றுவிட்டார். ஆளில்லாத இடத்தில் இலை போட்டுச் சோறு வைத்தால் அதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தானே.

"ஏத்தா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். மாமனாரோ தூணைப் பார்த்து, "சித்தப்பன் வந்துருக்காகடா, கும்பிடு" என்றார்.

அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காமயகவுண்டன்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வந்தவரைப் பார்த்து மாமனார், "ஆத்தா, நீ எதுக்கு இம்புட்டுத் தொலவு வந்த?" என்று கேட்டார். மகளைத் தன் தாய் என்று நினைத்துக்கொண்டார். நாத்தனார் தூணில் தலையை மோதிக்கொண்டு அழுதார். சற்று நேரத்தில் மாமனார் அவரைச் சரியாக அடையாளம் கண்டு, பிள்ளைகள் சுகமா என்று விசாரித்தார். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் மறுபடி தூணைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"ஏன்டா, கால இழுத்து இழுத்து நடக்குற? குண்டு பட்டுச்சா?"

சுற்றியிருந்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். ஒரு மூதாட்டி, சாகப் போகிறவர் கண்ணுக்குத்தான் முன்னால் போனவர்கள் தெரிவார்கள் என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்டது. எல்லார் கண்ணும் ஒருமுறை என் கழுத்துக்கு வந்துவிட்டுப் போனது. நான் தாலியைச் சேலைக்குள் தள்ளி மூடிக்கொண்டேன்.

அந்த நாட்களில் என் மனம் இருந்த நிலையை எப்படிச் சொல்வது? மாமனார் சாகப் போகிறாரா, அல்லது என் கணவர் செத்துப்போய்விட்டாரா, அல்லது அவர் உண்மையிலேயே எங்கேயோ பக்கத்தில் வந்துவிட்டதை இவர் மனம் அறிந்து சொல்கிறதா என்று எனக்குப் புரியவில்லை. காலையில் ஒன்று நினைப்பேன். மத்தியானம் வேறொன்று. கால் இழுத்து நடக்கிறார் என்றால் உயிரோடுதானே இருக்கிறார் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருக்கும். உடனே அந்த மூதாட்டி சொன்னது ஞாபகம் வரும். நாத்தனார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உயிரோடு இருக்கிற தன் தம்பிக்குப் படையல் போட்டவள் நான் என்று அவருக்குக் கோபம்.

இடையிடையே மாமனாருக்குத் தெளிவும் வந்தது. அதுதான் எங்களை இன்னும் குழப்பியது. ஒரு தடவை நான் தனியாக இருக்கும்போது என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "எனக்கு என்னமோ ஆகுது புள்ள. என்னன்னு தெரியல" என்றார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் மறக்கவே இல்லை. நான் பதில் தேடுவதற்குள் அந்தக் கண் தூணுக்குப் போய்விட்டது.

சின்ன மாமனார் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். இது சனி படுத்தும் பாடு, சனிக்கிழமை குச்சனூர்ச் சனிபகவான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் எள் தீபம் போட வேண்டும் என்று முடிவாயிற்று. நானும் சரி என்றுதான் நினைத்தேன். வேறு என்ன செய்வதென்று யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று நினைவு. நாத்தனார் கிணற்றடிக்குப் போயிருந்தார். நான் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்பக்கமாக வந்தேன். மாமனார் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ரகசியம் பேசுகிற குரல்.

"ஒம் பொண்டாட்டி தங்கமான புள்ளடா. ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட கையப் பிடிச்சுக் கொல்லைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, அங்கன நிறுத்திட்டு, மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கும். எனக்குக் கூசுதுடா. வேட்டியிலயே போயிட்டா அதையும் அதுதான் அலசணும். அதான் தண்ணி குடிக்கிறதயே விட்டுட்டேன். செம்புல கொண்டாந்து வச்சா கட்டிலுக்கு அடியில ஊத்திருவேன். அதுகிட்டச் சொல்லிறாத."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் கை நடுங்கும்; செம்பை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்தும். அதனால் கட்டிலைச் சுற்றித் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரத்தில் எது சிந்தியது, எது ஊற்றியது என்று யார் பார்த்தார்கள்? அவர் எத்தனை காலமாகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாரோ!

இதை எல்லாரும் சேர்ந்து கேட்கும் மற்றப் பிதற்றல்களோடு சேர்ப்பதா, உண்மை என்று எடுத்துக்கொள்வதா என்றும் தெரியவில்லை. அருகில் போய் உட்கார்ந்து, கரண்டியால் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொண்டார்.

மறுநாள் வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து அவரைப் படுக்க வைத்தோம். சின்ன மாமனாரே வண்டி ஓட்டினார். குச்சனூரில் சனிக்கிழமைக் கூட்டம். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவரை இறக்க முடியவில்லை. உடம்பு கட்டைபோல விறைத்துக் கிடந்தது. நாத்தனார் உள்ளே போய் எள் தீபம் போட்டுவிட்டு, ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையில் தெளித்தார்.

அதோடு ஆரம்பித்தது குளிர். பல் கிட்டித்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வண்டியின் சட்டமே சடசடத்தது. சுற்றி நின்றவர்கள் அவருக்கு நடுக்குவாதம் அதிகமாகிவிட்டது என்றார்கள். எனக்கு அவருடைய நடுக்கம் தெரியும். கூழ் கொடுக்கும்போதும், வேட்டி கட்டிவிடும்போதும், வாசற்படி தாண்டும்போதும் என் கைக்குள்ளேயே இருந்த நடுக்கம் அது. இது அது இல்லை. நெற்றியில் கை வைத்தேன். அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

திரும்பி வரும் வழியில் எங்கள் ஊருக்குப் பிரியும் பாதை வந்தது. சின்ன மாமனார் மாட்டை அந்தப் பக்கம் திருப்பினார். "வீட்டுல கொண்டுபோயிக் கெடத்திருவோம். வழியில போயிட்டா நல்லா இருக்காது" என்றார்.

அதுவரை நான் அவர் முன்னால் வாய் திறந்து ஒரு காரியம் சொன்னவள் இல்லை. அன்றைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"வீட்டுக்கு வேணாம் மாமா. சின்னமனூருக்கு ஓட்டுங்க. பட்டாளத்துல இருந்து வந்த டாக்டரு ஒருத்தரு இருக்காராமே, அங்கன போவோம்."

நாத்தனார் சீறினார். "எங்க அய்யா உசுரு போற நேரத்துல ஊசியப் போட்டுச் சித்ரவத பண்ணப் போறியா? எலை போட்டது பத்தாதா?"

"மதினி, மாமா தண்ணி குடிச்சே நாளாச்சு. எனக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு குடிக்காம இருந்துருக்காக. அவுகளே சொன்னாக."

"யாருகிட்டச் சொன்னாக?"

தயங்கினேன். "ஒங்க தம்பிகிட்ட" என்றேன். தூணில் நிற்கிற தம்பியிடம்.

நாத்தனார் என்னையே பார்த்தார். பிறகு தகப்பனாரின் உதட்டைப் பார்த்தார். காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதைத் தன் முந்தானையால் மெதுவாகத் துடைத்தார். "சித்தப்பா, சின்னமனூருக்கே ஓட்டுங்க" என்றார்.

டாக்டர் தன் வீட்டின் முன்பகுதியிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மாமனார் தூணில் ஆரம்பித்து ஏழரைச் சனி வரை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே நாடி பார்த்தார். பிறகு, "ஒண்ணுக்கு எப்படிப் போறாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாமனார் சிறுநீர் போவதைப் பற்றி மருமகள் அந்நிய ஆண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? நாத்தனார் காதில் சொன்னேன். அவர் தன் சித்தப்பா காதில் சொன்னார். சித்தப்பா கூச்சப்பட்டுக்கொண்டு, "நல்லாத்தான் போறாகளாம்" என்றார். நான் பதறிப்போய் மறுபடி நாத்தனாரிடம் சொன்னேன். அது இந்த முறை, "எப்பவாவதுதான் போறாகளாம்" என்று போய்ச் சேர்ந்தது.

டாக்டர் எழுந்து கதவுப் பக்கம் வந்தார். "நீயே சொல்லும்மா. நீ சொல்றதுலதான் இவரு பொழைக்கிறது இருக்கு."

தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. போகும்போது முனகுகிறார். நிறம் கலங்கலாக இருக்கிறது. கொஞ்ச நாளாக வேட்டியை அலசும்போது வாடை மாறியிருக்கிறது. எத்தனை அலசினாலும் போவதில்லை. தண்ணீரைக் கட்டிலுக்கடியில் ஊற்றிவிடுகிறார். சொல்லச் சொல்ல அழுகையும் வந்தது. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

மாமனாரின் அடிவயிற்றை அவர் அழுத்தியதும், அவ்வளவு மயக்கத்திலும் அவர் கத்திவிட்டார். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, ரப்பர் குழாய் போட்டு டாக்டர் சிறுநீரை எடுத்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் அதைக் கொண்டுவந்து காட்டினார். கழுநீர்போல இருந்தது. விளக்கில் காட்டிச் சுட வைத்தார். அது இன்னும் திரிந்து கலங்கியது.

"நடுக்குவாதத்துல கை காலு மட்டும் இறுகிப் போறதில்ல. மூத்திரப் பையும் சரியா வேலை செய்யாது. முழுசா வடியாம கொஞ்சம் உள்ளயே தங்கிடும். இவரு தண்ணியும் குடிக்கல. தங்குனது கெட்டுச் சீழ் வச்சிருச்சு. இந்த மாதிரி ஆளுகளுக்குக் காய்ச்சல் தெரியிறதுக்கு முன்னாலேயே புத்தி தடுமாறிடும். சனியுமில்ல, பேயுமில்ல."

சின்ன மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் என்னை மறந்து கேட்டுவிட்டேன்.

"அப்ப, மாமா எங்க வீட்டுக்காரரப் பாத்தது?"

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரும் யுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்தானே. மெதுவாகத்தான் சொன்னார். "அது காய்ச்சல் பேசுற பேச்சும்மா. காய்ச்சலுக்கு ஒங்க வீட்டுக்காரரப் பத்தி ஒண்ணும் தெரியாது."

பட்டாளத்தில் கொடுக்கிற சல்பா மாத்திரை என்று ஏதோ கொடுத்தார். அதைத் தூளாக்கி, தண்ணீரில் ஆப்பச் சோடா கலந்து, கூடவே நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அதுவே கெடுதல் என்று எச்சரித்தார். எதிரில் இருந்த சத்திரத்தில் தங்கினோம். அவருக்கு விழுங்குவதே சிரமம். அவசரப்பட்டால் புரையேறும். நாத்தனாரும் நானும் மாற்றி மாற்றி உட்கார்ந்து, தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக ஊற்றினோம். வாயை இறுக்கிக்கொண்டால் நாத்தனார், "ஒங்க ஆத்தா சொல்றேன், குடிங்க" என்பார். தன்னைத் தாய் என்று அவர் நினைத்தது அதற்கு உதவியது. எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. நாத்தனாரும் சிரித்துவிட்டார். எங்களுக்குள் இருந்த கோபம் அதோடு போயிற்று.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள் தூணைத் தேடினார். சத்திரத்துத் தூணில் யாரும் இல்லையே என்று அவருக்குக் குழப்பம். பிறகு ஒரு காலையில் கண் விழித்து, "மேலமடையத் தொறந்தாச்சா?" என்று கேட்டார். சின்ன மாமனார் அந்தக் கேள்வியைக் கேட்டு வாய்விட்டு அழுதார்.

நடந்தது எதுவும் மாமனாருக்கு ஞாபகம் இல்லை. ஊர் திரும்பிய பிறகு நாத்தனார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், தண்ணீர் விஷயம் உட்பட. அவர் வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றைக் கட்டி மறைத்து, உள்ளே ஒரு மண் கலயத்தை வைத்தேன். பிடித்துக்கொண்டு நிற்க ஒரு மூங்கில் கழியையும் ஊன்றினேன். இனி அவர் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. அன்று முதல் செம்புத் தண்ணீரை என் முன்னாலேயே குடிப்பார். குடித்துவிட்டு, நடுங்கும் கையால் செம்பைக் கவிழ்த்துக் காட்டுவார்.

ஆனால் என் குழப்பம் தீரவில்லை. டாக்டர் சொன்னது அறிவுக்குப் புரிந்தது. மனதுக்குப் புரியவில்லை. காய்ச்சலுக்கு ஒன்றும் தெரியாது என்றால், குண்டு பட்ட காலை அது எங்கிருந்து எடுத்தது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குப் புத்தி தெளிந்ததும் வீடு மறுபடி பழைய மௌனத்துக்குப் போய்விட்டது. பயத்தில் செத்துச் செத்துப் பிழைத்த அந்த நாட்களில்தான் அந்த வீட்டில் என் கணவரைப் பற்றிய பேச்சு இருந்தது. அதற்காக எனக்கு ஏக்கமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள், நான் நெல் புடைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"நான் அவன்கிட்ட என்னதான் பேசுனேன்?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். இலை போட்டதைச் சொன்னேன்.

"சாப்பிட்டானா?" என்றார்.

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தீக. எனக்குத்தான் தெரியல."

அதன் பிறகு மகனைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கணவரோடு நான் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். அவருடைய சிறு வயதுப் பிடிவாதம், முல்லையாற்றில் நீச்சல் பழகியது, தாயார் இறந்தபோது அழாமல் நின்றது எல்லாம் அந்த நடுங்கும் குரலில்தான் எனக்குக் கிடைத்தன. இனி வராவிட்டாலும் என் கணவர் யார் என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பகலில் அவர் வந்தார். தெருவில் காக்கிச் சட்டை ஒன்று வருவதைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். இரண்டு காலும் நேராக, ஒரே அளவாக நடந்து வந்தன. அப்படியானால் இது அவர் இல்லை என்று நினைத்துவிட்டேன். அந்த அளவுக்குக் காய்ச்சலின் பேச்சை என் மனம் நம்பியிருந்தது. வாசலுக்கு வந்து அவர் என் பெயரைச் சொன்ன பிறகுதான் தலை நிமிர்ந்தேன். மெலிந்து, கறுத்து, தாடியோடு நின்றார். நடுவில் நெடுங்காலம் மலேரியாவோடு எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளில் கிடந்ததாகப் பிறகு சொன்னார். காலில் ஒரு கீறல்கூட இல்லை.

உள்ளே வந்து தகப்பனார் கட்டிலுக்கு முன்னால் நின்றார். மாமனார் அவரைக் கண் கொட்டாமல் பார்த்தார். கூப்பிடவில்லை. கையை நீட்டவும் இல்லை. வலது கை வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது. என் கணவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். மாமனாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கும் தெரியுதா புள்ள?" என்று கேட்டார்.

"தெரியுது மாமா" என்றேன்.

அதன் பிறகுதான் மகனின் கையைப் பிடித்தார்.

மாமனார் அதற்குப் பிறகும் சில வருஷங்கள் இருந்தார். இடையில் ஒரு தடவை மறுபடி பேச்சு தடுமாறியபோது நாங்கள் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடினோம். இன்று எனக்கும் வயதாகிவிட்டது. யாராவது ஒரு முதியவர் தாறுமாறாகப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டால் நான் அங்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஏனென்றால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி காய்ச்சலுடையதாக இருந்தாலும், எங்கோ நடுவில் ஒரு வாக்கியம் அவருடையதாக இருக்கும், அதைக் கேட்க ஒருவராவது அங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.